காவல் நிலையமா, நடுவர் மன்றமா?

வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணுக்கு இந்தியாவில் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள் இரண்டு.

ஒன்று, காவல் நிலையத்தில் புகார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. கணவனோ அவன் உறவினரோ கொடுமை செய்தால் 3 ஆண்டு வரை சிறை. ஆனால் புகார் கொடுத்த உடனே கைது நடக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டது. போலீசார் பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்துத்தான் விசாரிப்பார்கள். அன்றிரவு அவள் எங்கே தூங்குவாள் என்பதற்கு இந்தப் பிரிவில் பதில் இல்லை.

அந்தப் பதில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. இந்தச் சட்டத்துக்கென அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ நடுவரிடம், அதாவது மாஜிஸ்திரேட்டிடம், மனு கொடுக்கலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அவளை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு பெறலாம். ஜீவனாம்சம், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவையும் கிடைக்கும். மணமாகாமல் சேர்ந்து வாழ்பவரும், தாயும், சகோதரியும்கூட இதில் வருவார்கள். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுபறிதான். அதனால் இடைக்கால உத்தரவை முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

வன்முறை செய்யக் கூடாது என்று நடுவர் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அதுவும் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். போலீசாருக்குக் கைது செய்யும் அதிகாரம் அங்கே வந்துவிடுகிறது. உடனடித் தேவை கூரையும் பாதுகாப்பும் என்றால் இரண்டாவது வழியையே முதலில் எடுக்கச் சொல்வேன். எலும்பு முறிந்திருந்தால் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தத் தடையில்லை.

"குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு காவலர் திருப்பி அனுப்பினால், அதே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவைச் சொல்லுங்கள். இந்த உரிமைகளை எடுத்துச் சொல்வது அவருடைய கடமை.