எங்க வார்டு பேட்டரி குப்பை வண்டி: மூணு வருஷத்துக்கு அப்புறம் ஒரு ரிவ்யூ

பைக்குக்கும் போனுக்கும் ரிவ்யூ போடுறோம், நம்ம வரிப்பணத்துல வாங்குன வண்டிக்கு ஒண்ணு போட்டா என்னன்னு தோணுச்சு. எங்க பேரூராட்சில டீசல் வண்டிய நிறுத்திட்டு இந்த பேட்டரி வண்டிய எறக்கி மூணு வருஷமாச்சு.

நல்லத மொதல்ல சொல்லிடறேன், சத்தமே கிடையாது. முன்னாடி காலைல ஆறரைக்கு டீசல் வண்டி தெருமுனைல திரும்பும்போதே ஜன்னல சாத்தணும், இல்லன்னா புகை நேரா அடுப்படிக்குத்தான் வரும். இப்ப குப்பை வாங்க வர்ற அக்கா விசில் ஊதுனாதான் வண்டி வந்ததே தெரியும், பக்கெட்ட தூக்கிட்டு ஓடணும். மக்குறது மக்காதது பிரிச்சுக் குடுங்கன்னு 2016 திடக்கழிவு ரூல்ஸ்லயே சொல்லியாச்சு, வண்டில பச்சை நீலம்னு தனி டப்பா இருக்கறதால கலந்து கொண்டுபோனா அக்கா வாங்கவே மாட்டாங்க (ரெண்டு தடவ நானே திரும்பி வந்திருக்கேன்).

கடுப்பு எல்லாம் பேட்டரிலதான். லெட் ஆசிட், 12 வோல்ட் நாலு, சேத்து 48 வோல்ட். மொத வருஷம் சூப்பரா ஓடுச்சு, இப்ப கோயில் மேட்டுக்கு வந்தா முக்குது, போன வாரம் நானும் எதிர்வீட்டுத் தம்பியும் எறங்கித் தள்ளுனோம். டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறீங்களாக்கான்னு கேட்டேன். "கேன் வாங்க பில்லு பாஸாகணுமாம் தம்பி, நாலு மாசமா கேக்குறேன்"னாங்க. தண்ணி எறங்கி பிளேட் காஞ்சா அந்த பேட்டரி அவ்ளோதான், சார்ஜ் சுத்தமா தீர்ற வரைக்கும் ஓட்டுனாலும் ஆயுசு கொறையும். லித்தியம்னா தண்ணி ஊத்துற வேலையே இல்ல, வருஷமும் கூட வரும், ஆனா வாங்கும்போது வெல ஜாஸ்தி, டெண்டர்ல ஜெயிக்கறது எல்-1, அதாவது கொறஞ்ச ரேட்டு. 1998 டெண்டர் சட்டம் ஒளிவுமறைவு இல்லாம வாங்கணும்னு வந்தது, அத தப்பு சொல்லல, ஆனா எந்த பேட்டரி, எத்தன வருஷ வாரண்டி, சர்வீஸ் யாரு பொறுப்புன்னு ஸ்பெசிபிகேஷன்லயே எழுதாம விட்டா மலிவா கோட் பண்றவன்தான வருவான்?

இன்னொண்ணு, கழட்டுன பழைய பேட்டரி ரெண்டு ஆபீஸ் பின்னாடி குழாயடி பக்கத்துல கெடக்கு. உள்ள இருக்கறது ஈயமும் ஆசிடும். தயாரிச்ச கம்பெனியே திரும்ப எடுத்துக்கணும்னு 2022 பேட்டரி கழிவு ரூல்ஸ் இருக்கு, புகை வேணாம்னு வண்டி வாங்கிட்டு இத மறந்துட்டா எப்படிங்க.

அஞ்சுக்கு மார்க் போட்டா வண்டிக்கு 4, வாங்குன விதத்துக்கு 2. இன்னும் ரெண்டு வண்டி வாங்கப் போறாங்களாம், அஞ்சு வருஷ மெயின்டனன்ஸும் பழைய பேட்டரி எடுக்குற பொறுப்பும் சேத்து டெண்டர் விடுங்கன்னு பேரூராட்சி இ.ஓ.வுக்கு (செயல் அலுவலர்) மனு எழுதி வச்சிருக்கேன், நம்ம வார்டு ஆளுங்க ஞாயித்துக்கிழம வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.