நாகர்கோவில்ல "சினிமாட்டிக் ப்ராம்ப்ட்" கிளாஸ்னு காசு வாங்குறாங்க, பாத்துக்கிடுங்க

மக்கா, நம்ம மாவட்டத்துல ஸ்டுடியோ, ஃப்ளெக்ஸ், கல்யாண ஆல்பம்னு வேலை செய்யுற எல்லாரும் இத முழுசா வாசிங்க. ஒரே ப்ராம்ப்ட்ல, அதாவது ஏஐ-கிட்ட இப்படி படம் வேணும்னு எழுதிக் குடுக்குற வரில, சினிமா லுக்னு ரீல்ஸ்ல விளம்பரம் ஓடுதுல்லா, முட்டம் பாறை மேல மாப்ளயும் பொண்ணும் நிக்க பின்னால அலை அடிக்க, அதப் பாத்துதான் நான் 3,500 ரூபா கட்டுனேன். நாகர்கோவில்ல ஒரு லாட்ஜ் ஹால்ல கிளாஸ், கூட ஆயிரம் ப்ராம்ப்ட் உள்ள பிடிஎஃப், படம் செஞ்சு தர்ற மிட்ஜர்னிங்கிற ஏஐ-ல லைஃப்டைம் அக்கவுண்ட், இதுதான் பேச்சு. நடத்துனவங்க பேரு இங்க போடல.

லைஃப்டைம் அக்கவுண்டப் பத்தி முதல்ல சொல்லிருதேன், போன காசவிட பெரிய ஆபத்து அதுலதான் இருக்கு. மிட்ஜர்னில லைஃப்டைம்னு ஒரு பிளானே கிடையாது, மாசத்துக்கோ வருஷத்துக்கோ கட்டணும், இருக்குறதுலயே குறைஞ்ச பிளான் மாசம் 10 டாலர். இவங்க தந்தது ஒரே லாகின், வந்த எல்லாருக்கும் அதே லாகின். உள்ள போய் பாத்தா யாரோ ஒரு ஸ்டுடியோக்காரர் ஏத்துன கல்யாணப் பொண்ணோட படம், முகம் அவ்வளவு தெளிவா, கீழ இன்னொருத்தர் வீட்டு ஞானஸ்நானக் குழந்தை. அப்போ நான் ஏத்துனா அதையும் அத்தனை பேரும் பாப்பாங்கல்லா? அது போக மிட்ஜர்னில நாம செய்யுற படம் சாதாரணமா பப்ளிக்காதான் கெடக்கும், மறைச்சு வைக்கிற ஸ்டெல்த் மோட் ப்ரோ, மெகா பிளான்ல மட்டுந்தான். இத கிளாஸ்ல ஒரு வார்த்தை சொல்லல. நம்மள நம்பி பொண்ணு போட்டோவ தந்த வீட்டுக்காரங்களுக்கு நாம என்ன பதில் சொல்ல? எனக்கு மனசே ஆறல.

கொஞ்ச நாள்ல அந்த லாகினும் திறக்கல. கேட்டதுக்கு பிளாக் ஆயிட்டு, புதுசு வேணும்னா இன்னும் 1,500 கட்டுங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட், அதுக்கு அப்புறம் ரிப்ளையே கிடையாது.

பிடிஎஃப்ல ஆயிரம் ப்ராம்ப்ட் இருக்கத்தான் செய்யுது, ஆனா எல்லாம் ஒரே வரி, இடத்தோட பேர மட்டும் மாத்தி மாத்தி போட்டிருக்கு, வட்டக்கோட்டை, தோவாளை, பத்மநாபபுரம்னு. கடைசில எல்லாத்துலயும் "8கே, அல்ட்ரா ரியலிஸ்டிக், மாஸ்டர்பீஸ், ட்ரெண்டிங் ஆன் ஆர்ட்ஸ்டேஷன்". இது 2022-ல ஸ்டேபிள் டிஃப்யூஷன்னு இன்னொரு பட ஏஐ வந்த புதுசுல எல்லாரும் ஒட்டிக்கிட்டு இருந்தது. ஃப்ளெக்ஸ் அடிக்கவங்க நல்லா கேட்டுக்கிடுங்க, ப்ராம்ப்ட்ல 8கேனு எழுதுனா படத்துல ஒரு பிக்சல் கூட கூடாது, பெருசா வேணும்னா தனியா அப்ஸ்கேல் பண்ணணும். பாதி ப்ராம்ப்ட் முடிவுல --ஏஆர் 21:9 --ஸ்டைல் ரானு இருக்கு, அது படம் எவ்வளவு அகலம், எந்த ஸ்டைல்னு சொல்லுற மிட்ஜர்னி கமாண்டு. அத அப்படியே சாட்ஜிபிடில போட்டு டெமோ காட்டுனாங்க, அகலமா வரலன்னு கேட்டா "செட் ஆக டைம் எடுக்கும்". செட்டெல்லாம் ஆகாது, அங்க அகலமான படம் வேணும்னு சாதாரணமா வாக்கியத்துல சொல்லணும், அவ்வளவுதான்.

விளம்பரத்துல முட்டம்னு போட்ட படத்த கூகுள் லென்ஸ்ல தேடுனேன், வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் முன்னமே போட்ட படம், அது முட்டமே இல்ல. காசு கட்டுறதுக்கு முன்ன யாரா இருந்தாலும் இத ஒண்ணு செஞ்சு பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

இவங்க ரகசியம்னு வித்தத நான் இங்க சும்மா சொல்லுதேன். சினிமா லுக் வர்றது வெளிச்சத்தாலயும் கேமரா நிக்குற இடத்தாலயும். "சினிமாட்டிக்"னு எழுதுனா ஏஐ மொத்தத்துல ஒரு நீலம் ஆரஞ்சு கலரப் பூசி தந்துரும். அதுக்கு பதிலா, விடியக்காலம், மீன்பிடி துறைமுகம், வலை சுமந்து வர்ற வயசான ஆளு, தாழ்ந்த சூரியன் அவருக்குப் பின்னால, முகத்துல பாதி நிழல், கேமரா இடுப்பு உசரத்துல, 35 எம்எம் லென்ஸ், முன்னால மங்கலா ஒரு வள்ளத்தோட முனை, கலர் அடங்கி இருக்கணும், இப்படி எழுதிப் பாருங்க. முகம் மட்டும் எடுப்பா வந்து பின்னால எல்லாம் கரையணும்னா 85 எம்எம், குறைஞ்ச டெப்த் ஆஃப் ஃபீல்டுனு போடுங்க. அது உள்ள லென்ஸ் ஒண்ணும் கிடையாது, அந்த மாதிரி எடுத்த படங்களப் பாத்து படிச்சத வச்சு வரையுது. நம்ம ஊர் இடத்துக்கு பேர மட்டும் நம்பாதீங்க. மாத்தூர் தொட்டிப்பாலம்னு போட்டா எனக்கு வெளிநாட்டு கல்லுப்பாலம்தான் வந்துச்சு, உசரமான தூண் வரிசை, அது மேல தண்ணி போற கான்கிரீட் தொட்டி, கீழ ஆறு, சுத்தி ரப்பரும் தென்னையும்னு விவரிச்சு, நாம எடுத்த போட்டோ ஒண்ணும் சேத்துக் குடுத்த பொறவுதான் நம்ம பாலம் மாதிரி வந்துச்சு.

காசு ஒரு தனி ஆளோட ஜிபே நம்பருக்குத்தான் கேட்டாங்க, பில் கிடையாது. அதனால ஸ்கிரீன்ஷாட், விளம்பரம், சாட் எதையும் அழிக்காதீங்க. கிளாஸ்னு சொல்லி காசு வாங்கிட்டு அப்படியே காணாமப் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு அடிங்க, தாமதிச்சா காச நிப்பாட்டுறது கஷ்டம். சொன்னதத் தராம ஏமாத்துனதுக்கு 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுலயும் சரியாகலன்னா நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் உள்ள கேசுக்கு ஃபீஸ் கிடையாது. நான் 1915-ல பதிஞ்சாச்சு, கூட கட்டுனவங்களும் பதியுங்க, ஒரே ஆளு மேல நெறைய புகார் நின்னா நல்லது.

அந்த லாகின் இன்னும் ஓடுறவங்க யாராவது இருந்தா, நீங்க ஏத்துன கஸ்டமர் போட்டோவ அதுல இருந்து அழிக்க முடிஞ்ச வரைக்கும் இன்னைக்கே அழிச்சிருங்க, அந்த வீட்டுக்காரங்ககிட்டயும் விஷயத்த நேர்ல போய் சொல்லிருங்க.