மெக்சிகன் புல் பதிச்சு ஆறு மாசம் ஆச்சு, 5க்கு 4 ஸ்டார்

மாசி மாசம் வீட்டு முன்னாடி 300 சதுர அடிக்கு நர்சரிக்காரங்க புல்லைப் பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து பதிச்சுக் குடுத்தாங்க. வேலை ரொம்ப சுத்தம், மண்ணை சமப்படுத்தி, இடைவெளி இல்லாம ஒட்டி, ரோலர் ஓட்டிட்டு தான் கிளம்புனாங்க. ரெண்டு வாரம் காலையும் சாயங்காலமும் தண்ணி, யாரும் மிதிக்கக் கூடாதுன்னாங்க, அப்படியே செஞ்சோம், அப்புறம் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தா வெள்ளை வேர் மண்ணை நல்லாப் புடிச்சிருந்துச்சு, அவ்ளோ சந்தோஷம்!

ஆனா பூச்சி பத்தி ஒரு வார்த்தை சொல்லலைங்க, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கம்மி. ஆடி மாசம் அங்கங்க மஞ்சத் திட்டு, தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்துனேன், ஒரு நாள் இழுத்தா அப்படியே கையோட வருது, அடியில வேரே இல்ல, அரை வட்டமா சுருண்டு வெள்ளை உடம்பு பழுப்புத் தலையோட வேர்ப்புழு, மனசே உடைஞ்சு போச்சு. கையால பொறுக்குனேன், புழுவைக் கொல்ற மெட்டாரைசியம்ங்கிற பூஞ்சாணப் பொடியை நல்லா மக்குன எருவுல கலந்து சாயங்காலமாப் போட்டு ஈரம் காயாம பார்த்துக்கிட்டேன். மெதுவாத்தான் கேக்கும், ஆனா கேட்டுச்சு. மக்காத சாணி மட்டும் போட்டுடாதீங்க, இந்தப் புழுவோட தாய் வண்டு அதைத் தேடி முட்டை வைக்க வரும். கோடை மழை பேஞ்சதும் அந்த வண்டு மண்ணுல இருந்து கிளம்பி வெளிச்சத்தைத் தேடி வரும், அதனால சாயங்காலம் வாசல் லைட்டையும் அணைச்சிடுங்க.