நானோ துகள் ஏற்றிய படலம்: ஊட்டி ஆய்வகத்துக்கு எந்த வழி ஏற்றது?

வளையும் பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற நீள் மூலக்கூறுப் பொருள்) படலத்துக்குள் நானோ துகளை, அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கும் நுண்துகளை, ஏற்ற மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன. தயாராக வாங்கிய துகளைப் பாலிமர் கரைசலில் கலந்து, தட்டில் ஊற்றிக் காயவைக்கலாம். கரைசலுக்குள்ளேயே துகளை உருவாக்கலாம். இல்லையென்றால் பாலிமரை உருக்கி, திருகு எந்திரத்தில் துகளோடு பிசைந்து படலமாக இழுக்கலாம். இதில் எது நல்லது என்று கேட்கும் எம்.எஸ்சி. மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் துகள் என்றுதான். வெள்ளிக்கு ஒரு வழி பொருந்தும், துத்தநாக ஆக்சைடுக்கு வேறு வழி.

முதலிரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒரு சிக்கல் நம் மலையிலேயே இருக்கிறது. கல்லூரிகளில் அதிகம் பயன்படும் பாலிமர் பிவிஏ, அதாவது பாலிவினைல் ஆல்கஹால். இதைத் தயாரிக்கும்போது மூலப்பொருளிலுள்ள அசெட்டேட் பகுதிகளை ஆல்கஹாலாக மாற்றுவதை நீராற்பகுப்பு என்பார்கள். முழுமையாக நீராற்பகுத்த ரகம் நன்றாகக் கரைய 90 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; வாட்டர்பாத்துக்குள் வைத்த பீக்கரின் சூடு அதற்கும் கீழேதான் நிற்கும். சமவெளியில் எழுதிய செய்முறையை அப்படியே பின்பற்றினால் கரையாத திப்பிகள் தங்கும். 87–89 சதவீதம் நீராற்பகுத்த ரகத்தை வாங்குங்கள், குறைந்த சூட்டிலேயே கரையும். முழு ரகம்தான் வேண்டுமென்றால் ஆட்டோகிளேவில், அதாவது பிரஷர் குக்கர் போல அழுத்தத்தில் சூடேற்றும் கலத்தில், வையுங்கள்.

சரி, துத்தநாக ஆக்சைடுக்கு வருவோம். புற ஊதாக் கதிரைத் தடுக்க இதைச் சேர்க்கிறோம். சுமார் 370 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை இது உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு நான் முதல் வழியையே சொல்வேன். கரைசலுக்குள் உருவாக்கப் போனால் காரம் சேர்க்க வேண்டும். அதில் மிஞ்சும் உப்பைக் கழுவி எடுக்க முடியாது. கழுவினால் பிவிஏவும் சேர்ந்து கரைந்துவிடும்.

ஆனால் தயார்த் துகளின் பெரிய பகை, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் பெருப்பது. சேர்க்கும் எடை மாறாமல் துகளின் விட்டம் மட்டும் இரட்டிப்பானால், சிதறும் ஒளி சுமார் எட்டு மடங்காகும்; கண்ணாடி போல் இருக்க வேண்டிய படலம் பாலாகிவிடும். ஆகவே பாலிமரைச் சேர்க்கும் முன்பே துகளை வெறும் தண்ணீரில் அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வு) கருவியில் வைத்துப் பிரித்துவிடுங்கள். கூழாகக் கெட்டியான பிறகு அந்த அதிர்வு சரியாக வேலை செய்யாது. பொடியாக வாங்குவதை விட நீரில் கலந்த நிலையில் வாங்குவது இன்னும் நல்லது. குளிருக்காகச் சன்னலைச் சாத்திய அறையில் நானோ பொடியைக் கொட்டி அளப்பதை நான் அனுமதிப்பதே இல்லை, பறக்கும் பொடி மூச்சில் போய்விடும்.

அப்புறம் காயும் நேரம். தென்மேற்குப் பருவத்தில் மூடுபனி உள்ளே வரும் அறையில் படலம் மிக மெதுவாகத்தான் காயும். துத்தநாக ஆக்சைடின் அடர்த்தி கன செ.மீ.க்கு 5.6 கிராம், பிவிஏவினுடையது 1.3 கிராம் அளவு. நேரம் கிடைத்தால் கனத்த துகள் அடியில் இறங்கும், படலத்தின் இரு முகமும் இரு விதமாகும். 40 டிகிரி ஓவனில், ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த தட்டில் காயவையுங்கள். 9 செ.மீ. பெட்ரி தட்டில் 5 சதவீதக் கரைசல் 20 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய 120 மைக்ரான் தடிமன் வரும்.

வெள்ளி என்றால் தயங்காமல் இரண்டாவது வழி. சில்வர் நைட்ரேட்டை பிவிஏ கரைசலில் கலந்து ஒடுக்கினால், அதாவது அதிலுள்ள வெள்ளி அயனியை எலக்ட்ரான் கொடுத்து வெள்ளி உலோகமாக்கினால், பிறக்கும் துகளை அந்தப் பாலிமரே சுற்றிப் பிடித்துக்கொள்ளும், கட்டியாக விடாது. ஒடுக்க நம் தேயிலையே போதும். அதிலுள்ள பாலிஃபீனால்கள் அந்த வேலையைச் செய்யும். காய்ச்சி வடித்த நீர் கட்டாயம். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெண்மையாகக் கலங்கடிக்கும். கரைசல் மஞ்சளாகிப் பழுப்பானதும் வெள்ளி வந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், தேயிலைச் சாறே பழுப்புதான். சில்வர் நைட்ரேட் சேர்க்காத ஒரு மாதிரியையும் பக்கத்தில் வைத்து, ஒளி உறிஞ்சலில் 400–450 நானோமீட்டரில் வெள்ளித் துகளுக்குரிய முகடு எழுகிறதா என்று பாருங்கள். இந்த வழியிலும் நைட்ரேட் மிச்சம் படலத்தில் தங்கும். வெள்ளி மிகச் சிறிதளவே போதும் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பிவிஏவுக்குப் பதில் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதைக் கரைக்கும் அசெட்டிக் அமிலம் துத்தநாக ஆக்சைடையும் கரைத்துவிடும்.

மூன்றாவது வழி பாலிஎத்திலீனுக்கானது. திருகு எந்திரத்துக்கு மலையிறங்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கார்னேஷன் போடும் பாலிஹவுஸ்களின் 200 மைக்ரான் ஷீட்டை மனதில் வைத்து ஆய்வு செய்தால் இதைத் தவிர்க்க முடியாது. அங்கே துத்தநாக ஆக்சைடுக்கு நல்ல இடம் உண்டு, ஏனென்றால் சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகம் ஷீட் வெயிலில் சிதையாமல் காக்கச் சேர்க்கும் வழக்கமான கரிம ஒளிநிலைப்படுத்திகளைக் கெடுக்கும். துத்தநாக ஆக்சைடை அப்படிக் கெடுக்காது. ஆனால் துகளுக்கு ஸ்டியரிக் அமிலம் போன்ற மேற்பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்த் தன்மையுள்ள பாலிஎத்திலீனில் அது கலக்காது. பிவிஏ படலத்தில் எடுத்த அளவீட்டை வைத்து விவசாயியிடம் ஷீட்டைப் பற்றி எதுவும் உறுதி சொல்லாதீர்கள். துகள் பரவும் விதம் இரண்டிலும் வேறு, பிவிஏ மழைக்கும் நிற்காது.