பூமியின் உடன்பிறப்பு வெள்ளியா, செவ்வாயா?

பெரும்பாலும் செவ்வாய்க்குத்தான் ஓட்டு விழும். ரோவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் மணலும் கல்லுமாக, கோடையில் காய்ந்து கிடக்கும் பொட்டல்காடு மாதிரியே இருக்கிறது. ஒரு நாள்கூட 24 மணி 39 நிமிடம்தான். இருந்தாலும் பாறைக்கோள் என்ற கணக்கில் என் ஓட்டு வெள்ளிக்கு.

கால் வைக்கத் தரை இருந்தால் மட்டும் பாறைக்கோள் ஆகிவிடாது. நடுவில் இரும்பு மிகுந்த உலோகக் கரு, அதைச் சுற்றி சிலிக்கேட் (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த) பாறை. இதுதான் அடையாளம். கோளைப் பிளந்து பார்க்காமலே இதை ஊகிக்க அடர்த்தி போதும். தண்ணீர் 1 என்றால் பூமி 5.51, வெள்ளி 5.24, செவ்வாய் 3.93. (வாயுக்கோளான சனி வெறும் 0.69!) செவ்வாய் ஏன் பின்தங்குகிறது? அதன் நிறை பூமியில் பத்தில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன உடம்புக்கு உள்ளே இருக்கும் பாறையை அழுத்தி இறுக்கும் பலம் கிடையாது. போதாததற்குக் கருவின் பங்கும் குறைவு. வெள்ளியோ குறுக்களவில் பூமியைவிடச் சுமார் 650 கி.மீ.தான் சிறியது.

காற்றை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டிலும் கிட்டத்தட்ட முழுக்கக் கரியமில வாயு. அளவில்தான் வம்பு. வெள்ளியின் தரையில் அழுத்தம் பூமியைப்போல் 90 மடங்கு, வெப்பம் 460 டிகிரிக்கு மேல். செவ்வாயில் அழுத்தம் நம்முடையதில் ஒரு விழுக்காடுகூட இல்லை.

தரைக்கல்லிலும் சமம்தான். 1982இல் வெள்ளியில் இறங்கிய சோவியத் கலங்கள் வெனரா 13, 14 இரண்டும் சோதித்தது பசால்ட் வகைக் கல், அதாவது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கல். செவ்வாயிலும் பெரும்பாலும் அதுவே. அந்தச் சூட்டில் வெனரா 13 தாக்குப்பிடித்தது 127 நிமிடம். வெனரா 14இன் கதை வேறு. நிலம் எவ்வளவு கெட்டி என்று பார்க்க அது நீட்டிய கை, கேமராவிலிருந்து கழன்று விழுந்த மூடியின் மேலேயே போய் இறங்கிவிட்டது.

செவ்வாய் என்னை மடக்கும் இடம் ஒன்று உண்டு. 2018இல் அங்கே இறங்கிய இன்சைட் கலம் நிலநடுக்கங்களைப் பதிவுசெய்ய, அதை வைத்துக் கருவின் அளவையே கணக்கிட்டுவிட்டார்கள். வெள்ளியின் கருவை அப்படி யாரும் இன்னும் அளக்கவில்லை. சரி, ஓட்டை மாற்றப்போவதில்லை.