டூருக்குன்னு தனி அக்கவுண்ட்: பல வருஷம் ஓட்டிப் பாத்ததுல சொல்றேன்

டூருக்குன்னே தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட், சம்பளம் ஏறின மறுநாளே அதுக்கு ஆட்டோமேட்டிக்கா பணம் போயிடும், பல வருஷமா இப்படித்தான் ஓட்டிட்டிருக்கேன். பட்ஜெட் ஆப்பும் யூஸ் பண்ணிருக்கேன், அது எல்லாம் செலவழிச்சு முடிச்சப்புறம் கலர் கலரா வட்டம் போட்டு காட்டும், அவ்ளோதான். தனி அக்கவுண்ட்ல பணம் இல்லைன்னா இல்ல, பேச்சே கிடையாது.

கணக்கு சிம்பிள்தான், மொத்த செலவை கிளம்புற வரைக்கும் இருக்கற மாசத்தால வகுங்க. வர்ற தொகை சம்பளத்துக்கு தாங்கலையா, தேதியை தள்ளுங்க, இல்ல நாளை குறைங்க, மிச்சத்தை கிரெடிட் கார்டுல பாத்துக்கலாம்னு மட்டும் போகாதீங்க. மாசம் 3% வட்டின்னா கேக்க சின்னதாத்தான் இருக்கும், கட்டாம விட்டா வட்டிக்கு வட்டி ஏறி வருஷத்துல 42% தாண்டிடும். மினிமம் டியூ, அதாவது பில்லுல போட்டிருக்கற குறைஞ்சபட்ச தொகையை மட்டும் கட்டினா லேட் ஃபீஸ்தான் தப்பும், வட்டி அது பாட்டுக்கு ஓடும், பாக்கி நிக்கிற வரைக்கும் பெரும்பாலான கார்டுல புதுசா வாங்குறதுக்கும் முதல் நாள்லேருந்தே வட்டி. கிரெடிட் கார்டு வச்சு ஏடிஎம்ல கேஷ் எடுக்கறதெல்லாம் இன்னும் மோசம், வட்டியோட தனியா ஃபீஸும் உண்டு.

மொத்த செலவுன்னா டிக்கெட்டும் ரூமும் மட்டும் இல்ல. லக்கேஜ் சார்ஜ், விசா, இன்சூரன்ஸ், ஏர்போர்ட் டாக்சி, வீட்ல நாய் இருந்தா அதை விட்டுட்டு போற இடத்துக்கு காசு (சில சமயம் நம்ம ரூமை விட அதுதான் காஸ்ட்லி)... இதுக்கெல்லாம் மேல ஒரு 10-15% சேத்தே வச்சிடுவேன்.

கடுப்பேத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. ஹோட்டல் செக்-இன்ல டெபாசிட்னு டெபிட் கார்டை தேய்ப்பாங்க, ரிசப்ஷன்லயே நிக்கும்போது மெசேஜ் வரும், பேலன்ஸ் பொசுக்குன்னு இறங்கியிருக்கும். கேட்டா "செலவு இல்ல சார், பிளாக்தான்"பாங்க, உண்மைதான், ஆனா ரூமை காலி பண்ணி பல நாள் கழிச்சுத்தான் அது ரிலீஸ் ஆகும், அதுவரை அந்த காசு இருந்தும் இல்லாத மாதிரிதான். இப்பல்லாம் பிளாக்குக்கு கிரெடிட் கார்டை நீட்டிட்டு பில்லை டெபிட்ல கட்டிடறேன், நல்லாவே வொர்க் ஆகுது. வாடகை காருக்கும் இதே கதைதான். வெளிநாட்டுல கார்டு மெஷின் உங்க ஊர் கரன்சியா இந்த ஊர் கரன்சியான்னு கேட்டா, அந்த ஊர் கரன்சியையே அமுக்குங்க, நம்ம கரன்சின்னா அவங்க வைக்கிற ரேட்டு பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

ஒரு நாளைக்கு இவ்ளோன்னு லிமிட் போட்டது எனக்கு ஒத்து வரல. ராத்திரி படுக்கும்போது மிச்ச பணத்தை மிச்ச நாளால வகுத்து பாத்துக்கறேன், இன்னைக்கு கூட போனா நாளைக்கு தானா குறையும்.

ஏற்கனவே கார்டுல பாக்கி வச்சிருக்கறவங்களுக்கு இது செட் ஆகாது, முதல்ல அதை அடைங்க, சேவிங்ஸ்ல தர்ற வட்டி கார்டு வட்டிக்கு கிட்டயே வராது.