எந்த 3050 என்று கேளுங்கள்: கோயம்புத்தூர் போய் கேமிங் பிசி வாங்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துப் பையன்களும், அவர்களுக்காகப் பணம் கட்டப்போகிற அப்பா, அண்ணன்மாரும் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். கோயம்புத்தூரில் ஒரு கடையில் 61,500 ரூபாய் கொடுத்து என் தம்பிக்கு கேமிங் பிசி வாங்கினேன். சொன்ன கிராபிக்ஸ் கார்டு (திரையில் படத்தை வரைகிற பாகம்) ஒன்று, உள்ளே மாட்டிக் கொடுத்தது வேறொன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றேதான்: ஆர்டிஎக்ஸ் 3050. அதனால்தான் மூன்று வாரம் வரை எங்களுக்குத் தெரியவே இல்லை.

நான் இங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஓணம் போனஸும் நான்கு வருடமாகக் கட்டிவந்த சீட்டும் சேர்ந்து கைக்கு வந்தது. தம்பி பிசிஏ சேர்ந்திருக்கிறான். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுபோனது. படிப்புக்கும் ஆச்சு, அவன் ஆசைப்பட்ட கேமுக்கும் ஆச்சு என்று கிளம்பினோம். பாலக்காட்டில் கேட்ட விலையைவிடக் கோயம்புத்தூரில் மூவாயிரம் குறைவாக இருந்தது. ஆஸ்பத்திரி, துணி, நகை எதற்கும் நாம் வேலந்தாவளம் தாண்டித்தானே போகிறோம். அதே பழக்கத்தில் போனோம்.

கார்டு விஷயத்தில் தம்பி ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்லியிருந்தான்: 8 ஜிபி மெமரி இருக்க வேண்டும். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 2015-இல் ஜிடிஏ 5 கேம் பிசிக்கு வந்தபோது குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருந்தது 4 ஜிபி ராம், 1 ஜிபி கார்டு, 65 ஜிபி இடம். அதையே அன்றைக்குப் பெரிதாகப் பேசினோம். 2023-இல் ஸ்டார்ஃபீல்டு வந்தபோது எஸ்எஸ்டி கட்டாயம் என்று எழுதிவிட்டார்கள். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு நிழல், பிரதிபலிப்பு வரைவது) செய்யும் கார்டு இல்லாவிட்டால் வேலையே இல்லை. செட்டிங்ஸை எவ்வளவு இறக்கினாலும் ஓடாது. அதற்குக் குறைந்தபட்சமாகச் சொன்ன என்விடியா நிறுவனத்துக் கார்டு 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-ஐ இன்னும் எத்தனையோ பையன்கள் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் கதவு மூடிவிட்டது. நம்ம வீட்டில் ஒரு கார்டு வாங்கினால் அது ஐந்தாறு வருடம் ஓட வேண்டும். அதனால்தான் 8 ஜிபி.

வாட்ஸ்அப்பில் கடைக்காரர் அனுப்பிய கொட்டேஷனில் "ஆர்டிஎக்ஸ் 3050 8ஜிபி" என்றுதான் இருந்தது. அதை நம்பித்தான் அட்வான்ஸ் போட்டேன்.

நாங்கள் போன நேரத்துக்கு மெஷின் தயாராக இருந்தது. மூடி போட்டு, திருகு முடுக்கி, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கெல்லாம் எரியவைத்து வைத்திருந்தார்கள். சைபர்பங்க் 2077 கேம் ஓடிக்கொண்டிருந்தது. நொடிக்கு எத்தனை படம் (எஃப்பிஎஸ்) என்று மூலையில் காட்டும் எண் 110-ஐத் தொட்டது.

"பாருங்க தம்பி, நூத்திப்பத்து எஃப்பிஎஸ். இந்த விலைக்கு வேற எங்கீங்க கெடைக்கும்?"

"செட்டிங்ஸ் பாத்துக்கலாங்களா?" என்று தம்பி கேட்டான்.

"எல்லாம் ஹைலதான் இருக்குது. கண்ணாலயே தெரியுதுல்லீங்க?"

டெக்ஸ்சர் (சுவர், தரை மேல் போர்த்தும் படம்), நிழல் எல்லாம் ஹை என்று இருந்தது உண்மைதான். அந்தப் பக்கத்திலேயே மேலே எஃப்எஸ்ஆர் பர்ஃபார்மன்ஸிலும், ஃபிரேம் ஜெனரேஷன் ஆனிலும் கிடந்ததை அன்று நாங்கள் கவனிக்கவில்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கண்கட்டு வேலை நடந்தது இங்கேதான். 1080பி திரையில் ஒரு படத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள் உண்டு. எஃப்எஸ்ஆர் என்பது படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கும் உத்தி; அதைப் பர்ஃபார்மன்ஸ் என்று வைத்தால் கார்டு அவ்வளவையும் வரைவதில்லை. 960-க்கு 540 என்ற சின்னப் படத்தை, அதாவது கால் பங்குப் புள்ளிகளை மட்டும் வரைந்து, மீதியைக் கணக்குப் போட்டு நிரப்பிவிடுகிறது. ஃபிரேம் ஜெனரேஷன் அதற்கும் மேலே. உண்மையாக வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவில் ஊகித்த படம் ஒன்றைச் செருகும். திரையில் 110 என்றால் கார்டு வரைந்தது அதில் பாதிதான். நாம் மவுஸை அசைத்தால் அதற்குப் பதில் வருவதும் அந்தப் பாதியின் வேகத்தில்தான். உண்மையில் அதைவிடவும் சற்றுத் தாமதமாகவே வரும், ஏனென்றால் நடுப்படம் போட அடுத்த படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எண் மட்டும் ஏறும், கைக்குக் கனமாகவே இருக்கும்.

இந்த உத்திகளை நான் குறை சொல்லவில்லை. பழைய கார்டு வைத்திருப்பவனுக்கு எஃப்எஸ்ஆர் பெரிய உபகாரம். அதன் மூன்றாம் பதிப்பு வரை எந்த நிறுவனத்துக் கார்டிலும் ஓடுகிறது, காசும் கேட்பதில்லை. ஆனால் ஊன்றுகோலோடு நடந்த தூரத்தைக் காட்டி, காலின் பலம் இது என்று சொல்லி விற்பது வேறு. கேம் கம்பெனிகளே இப்போது அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டன. 2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸுக்கு அவர்கள் வெளியிட்ட பட்டியலில், பரிந்துரைத்த கார்டில் 1080பி மீடியத்தில் 60 ஃபிரேம் வரும் என்று போட்டு, அதுவும் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் என்று சேர்த்திருந்தார்கள். பட்டியலே இப்படி இருந்தால் கடைக்காரர் என்ன செய்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் நிறுத்திப் பார்த்தபோது தம்பிக்கு 38, 40 என்றுதான் வந்தது. சின்னக் கார்டுதானே, அவ்வளவுதான் வரும் என்று சமாதானம் சொன்னேன். அவன் கவனித்தது வேறு. தெருவில் வேகமாகத் திரும்பினால் சுவரெல்லாம் குழம்பிப்போய் நின்று, இரண்டு மூன்று நொடி கழித்துத் தெளிந்தது. நடுநடுவே படம் திக்கியது. மூன்றாம் வாரம் விளையாட்டு நடுவிலேயே மெஷின் அணைந்துபோனது. கரண்டு போகவில்லை, வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பாலக்காட்டில் ஒரு சின்ன சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பையன் மூடியைக் கழற்றி ஒரு பார்வைதான் பார்த்தான். கார்டுக்குத் தனியாகப் பவர் வயர் போகவில்லை. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுத் திரையை என் பக்கம் திருப்பினான்.

"சேட்டா, இது எட்டல்லா. ஆறாணு." எட்டு ஜிபி இல்லை, ஆறுதான் என்றான்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்று 2022 ஜனவரியில் வந்த கார்டில் 8 ஜிபி மெமரி, 2,560 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), மெமரிக்குப் போய்வர 128 பிட் பாதை, 130 வாட். 2024 பிப்ரவரியில் அதே பெயரில் வேறொன்று வந்தது: 6 ஜிபி, 2,304 கோர்கள், 96 பிட், 70 வாட். இரண்டு ஜிபிதான் குறைவு என்று நினைக்காதீர்கள். கோரும் குறைவு, பாதையும் குறுகல். 70 வாட்டுக்கு மதர்போர்டு கொடுக்கும் கரண்டே போதும் என்பதால்தான் அதில் பெரும்பாலான மாடல்களில் பவர் வயர் இருக்காது. விலையும் குறைவு. வாங்கத் தெரிந்து வாங்கினால் அதுவும் மோசமான பொருள் இல்லை, பழைய ஆபீஸ் மெஷினில் மாட்ட நல்ல கார்டு. எங்களுக்கு 8 ஜிபி விலை போட்டு அதைக் கொடுத்ததுதான் அநியாயம்.

சுவர் ஏன் குழம்பியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஆலைக் கிடங்கு நிரம்பிவிட்டால் வந்த நெல் மூட்டை வெளியே லாரியிலேயே நிற்கும், ஒவ்வொரு தடவையும் வெளியே போய் எடுத்துவர வேண்டும். கார்டின் மெமரி நிரம்பினாலும் அதே கதை. மீதி டெக்ஸ்சர் எல்லாம் ராமில் காத்துக் கிடக்கும், எடுத்துவரும் வரை திக்கும். நிழல், மூடுபனி எல்லாம் கார்டின் உழைப்பைத் தின்பவை. டெக்ஸ்சர் தின்பது இடத்தை. 6 ஜிபி கார்டில் முதலில் அடிவாங்குவது டெக்ஸ்சர்தான்.

மெஷின் அணைந்ததற்குக் காரணம் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டி. கொட்டேஷனில் 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்று உள்ளது என்று இருந்தது. உள்ளே இருந்ததில் எந்தச் சான்றும் இல்லை, 450 வாட் என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும். 16 ஜிபி ராமும் ஒரே குச்சியாக இருந்தது. இரண்டு 8 ஜிபி போட்டால்தான் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வழியில் ஓடும் என்பது தெரியாத கடைக்காரர் யாரும் இல்லை.

மறுநாளே லீவு போட்டுக் கடைக்குப் போனேன்.

"பில்லுல 3050-ன்னுதானுங்க போட்டிருக்குது. குடுத்ததும் 3050 தானுங்களே."

பில்லை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், மெமரி எவ்வளவு என்றே எழுதவில்லை. கார்டு டப்பாவைக் கேட்டேன். வாங்கிய அன்று, "வாரண்டிக்கு நாங்களே வெச்சுக்கறமுங்க, உங்களுக்கு எதுக்குச் சுமை" என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சை அன்று நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டேன். டப்பாவில் 6 ஜிபி என்று அச்சடித்திருக்கும், அதுதான் காரணம். இப்போது கேட்டால் குப்பைக்குப் போய்விட்டதாம். கடைசியில் ஆயிரத்தைந்நூறு ரூபாய் தருகிறேன், பேசாமல் போங்கள் என்றார். வாங்கவில்லை.

நல்லவேளையாகப் பில் வாங்கியிருந்தேன். பில் வேண்டாம் என்றால் நாலாயிரம் குறைப்பதாக முதலிலேயே ஆசை காட்டினார். 18 சதவீத ஜிஎஸ்டி நமக்கெதற்கு என்று தோன்றத்தான் செய்யும். தயவுசெய்து அதற்கு மயங்காதீர்கள், பில் இல்லாவிட்டால் இன்றைக்கு எனக்குப் பேச வாயே இருந்திருக்காது.

நம்ம எல்லைப்பக்கத்துக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். கடை தமிழ்நாட்டில் இருக்கிறது, நாம் கேரளத்தில் இருக்கிறோம், கேஸ் என்று அங்கே யார் அலைவது என்று விட்டுவிடுகிறோம். அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்குப் பாலக்காடு மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், பிறகு ஆன்லைனில் புகார் ஏற்றினேன். வாட்ஸ்அப் கொட்டேஷன், பில், ஜிபியு-இசட் காட்டிய படம், பாலக்காட்டுப் பையன் எழுதிக்கொடுத்த சர்வீஸ் ரசீது, நான்கையும் இணைத்திருக்கிறேன். கொட்டேஷனை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது தம்பி. நாள் கடந்துபோனதால் அந்த மெசேஜை இனி அவர்களால் எங்கள் போனிலிருந்து அழிக்கவும் முடியாது.

நீங்கள் போகும்போது மெஷினை முன்கூட்டியே பூட்டி வைக்க விடாதீர்கள். சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், எல்லா டப்பாவையும் கையோடு தூக்கி வாருங்கள். கார்டின் முழு மாடல் நம்பர், மெமரி, சீரியல் நம்பர் மூன்றும் பில்லில் ஏற வேண்டும். ஓட்டிக் காட்டினால் எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங்கையும் ஃபிரேம் ஜெனரேஷனையும் நிறுத்தச் சொல்லி, அதன் பிறகு எண்ணைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் டெடிகேட்டட் மெமரி (கார்டுக்கே உரிய மெமரி) எவ்வளவு என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் செலவழிக்கவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பாலக்காட்டில் மாற்றிவிட்டோம், அது தனிச் செலவு. தம்பி இப்போது டெக்ஸ்சரை மீடியத்தில் வைத்து, ரே டிரேசிங்கை நிறுத்தி, எஃப்எஸ்ஆரை குவாலிட்டியில் போட்டு விளையாடுகிறான். 720-இல் வரைந்து 1080-க்குப் பெரிதாக்குவதால் படம் அவ்வளவாகக் கெடவில்லை, திக்குவதும் குறைந்திருக்கிறது. "பரவால்லண்ணா, ஓடுது" என்கிறான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஆணையத்திலிருந்து தேதி வந்ததும் இங்கே எழுதுகிறேன். அதற்குள் யாராவது கொட்டேஷன் வாங்கியிருந்தால், அட்வான்ஸ் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். தம்பியும் நானும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறோம்.